சிவப்புத் தட்டில் வெள்ளைப் புள்ளிகள்

செண்பகனூரைத் தாண்டிச் சாலை வளைந்து இறங்குகிற இடத்தில், ஒரு வாடகை பங்களாவில் எங்கள் ஆய்வகம் இருந்தது. விதை உருளைக்கிழங்கு விற்கிற ஒரு கம்பெனி அதை நடத்தியது. அந்தக் கம்பெனி இன்று இல்லை. இருந்திருந்தால் அதன் வாசலில் போய் நின்று கத்துவேனா என்றால், மாட்டேன். கத்த வேண்டிய நாளில் கத்தாதவள் நான். என் கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிறது. மீதிப் பாதி யாருக்கு என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். அப்பா கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை பார்த்தார். படித்த படிப்புக்கு மலையில் வேலை கிடைக்காது, கீழே இறங்கித்தான் ஆகவேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது இந்த வேலை வந்தது. டவுன் பஸ்ஸில் போய்வந்துவிடலாம். ஆய்வகத்தில் கம்பெனி அனுப்பிய டைரக்டர் ஒருவர், நான், கண்ணாடிச் சாமான் கழுவ ஓர் அம்மாள், அவ்வளவுதான். டைரக்டர் சமவெளிக்காரர். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு, ஹீட்டருக்குப் பக்கத்திலேயே மேசையைப் போட்டிருந்தார். நிலத்துக்குப் போகிற வேலை எல்லாம் என்னுடையது.

அப்போது மலையில் வாடல் நோய் பரவிக்கொண்டிருந்தது. உருளைச் செடி பச்சையாக, செழிப்பாக நிற்கும். ஒரு நாள் மத்தியான வெயிலில் தலையைத் தொங்கப் போடும். சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும். நாலைந்து நாளில் நிமிராது. தோண்டினால் கிழங்கின் கண்களில் பசை போல ஒன்று கசிந்து மண் ஒட்டியிருக்கும். மண்ணில் வாழ்கிற ஒரு பாக்டீரியா வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகிற குழாய்களைத் தன் பசையால் அடைத்துவிடுவதால் வருவது அது. மருந்து கிடையாது. ஒரு முறை வந்த மண்ணில் பல வருடம் கிழங்கு போட முடியாது.

கம்பெனிக்கு விதை விற்க வேண்டும். வாடலுக்கு வழி கண்டுபிடித்தால் விதையோடு சேர்த்து அதையும் விற்கலாம். அதற்காகத்தான் ஆய்வகம்.

வாடிய செடிகளைத் தேடி நான் ஊர் ஊராகப் போனேன். வில்பட்டிச் சரிவில் ஓர் அக்காவைச் சந்தித்தது அப்படித்தான். நாற்பது வயது இருக்கும். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. வந்த புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் மரம் வெட்டும் கூலிக்குப் போனார்கள். பிறகு சரிவில் படிபடியாக வெட்டிய நாலு படிக்கட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, புருஷன் கூலிக்குப் போக, நிலத்தை இந்த அக்கா பார்த்துக்கொண்டார். முதல் இரண்டு போகம் நன்றாக வந்தது. மூன்றாவதில் கீழ்ப்படிக்கட்டின் ஓரத்தில் ஏழெட்டுச் செடி வாடின. நான் போய் நின்றது அந்த ஓரத்தில்தான்.

நோட்டுப் புத்தகத்தோடு வந்ததால் என்னை அவர் "மிஸ்" என்று கூப்பிட்டார். கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டார். வாடலா, வேறு எதுவுமா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி பிடிக்க வேண்டும். கிருமி இருந்தால் வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளை நூல்கள் நெளிந்து இறங்கும். அவர் தன் வீட்டுத் தம்ளரை எடுத்து வந்து தந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். நூல் இறங்கியது. இது என்ன என்று கேட்டார். சொன்னேன். இவ்வளவும் உயிரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தம்ளரைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். நான் புறப்பட்டபோது தம்ளரை என்னிடமே கொடுத்து, இனி அதில் யாரும் குடிக்க முடியாது, கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். அதில் தப்பே இல்லை.

இந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கும்போது, அதற்குத் தீனியாகத் தட்டில் ஊற்றி உறைய வைக்கிற அகார் கூழில் ஒரு சாயம் கலப்போம். அந்தத் தட்டில் நோய் உண்டாக்கும் கிருமி வெள்ளையாக, வழவழவென்று, ஓர் ஒழுங்கில்லாமல் பரவி முளைக்கும். பசை இருப்பதால் அந்த வழவழப்பு. ஆனால் அசையாத திரவத்தில் பல நாள் வைத்திருந்தால் சில கிருமிகள் மாறிப்போகும். பசை செய்கிற திறனை இழந்து, தட்டில் சின்னதாக, வட்டமாக, அடர் சிவப்பாக முளைக்கும். இந்தச் சிவப்பைச் செடியில் குத்தினால் செடி வாடாது. பல்லுப் பிடுங்கின பாம்பு என்று டைரக்டர் சொல்வார். இவ்வளவும் அப்போதே தெரிந்த விஷயம்.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த இனத்தில் சில கிருமிகள் தங்கள் சொந்தக்காரர்களையே கொல்லும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. பென்சிலின் மாதிரி எல்லாவற்றையும் கொல்லாது. தன் இனத்தை மட்டும் கொல்லும், தன்னைக் கொல்லாது. பாக்டீரியோசின் என்று பெயர். கிருமியை அகாரில் ஒரு பொட்டாக வளர்த்து, குளோரோஃபாம் ஆவியில் அதைக் கொன்றுவிட்டு, மேலே வேறொரு கிருமியைப் படரவிட்டால், பொட்டைச் சுற்றி எதுவும் முளைக்காமல் ஒரு தெளிந்த வட்டம் விழும். அந்த வட்டம்தான் சாட்சி.

என் வேலை இந்த இரண்டையும் சேர்ப்பது. வாட வைக்கும் திறன் போயிருக்க வேண்டும். சொந்தக்காரரைக் கொல்லும் திறன் இருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் விதைக்கிழங்கை அதில் நனைத்து நடலாம். வேரில் அது முதலில் போய் உட்கார்ந்துகொண்டு, வருகிற நோய்க் கிருமியைக் கொல்லும். இரண்டு திறனுக்குமான மரபணுக்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தால் ஒன்று போகும்போது மற்றதும் போய்விடும். தனித்தனியாக இருந்தால் ஒன்றை இழந்து மற்றதை வைத்துக்கொள்ளலாம். எது உண்மை என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஜெராக்ஸ் எடுத்த நாலைந்து கட்டுரைகளும் பிரஷர் குக்கரில் அவித்த தட்டுகளும்தான் என் கையில் இருந்தவை. ஒரு வருடம் போனது. மலையெங்கும் எடுத்த கிருமிகளில், சிவப்பாக மாறின பிறகும் வட்டம் விழ வைத்தது ஒன்றே ஒன்று. என்னிடம் இருந்த மற்ற எல்லாக் கிருமிகளையும் அது கொன்றது. லேபிளைப் பார்த்தேன். வில்பட்டி அக்காவின் தம்ளரில் இருந்து எடுத்தது.

அன்று நான் சந்தோஷப்பட்டதை மறைக்க மாட்டேன். மறுநாளே பஸ் ஏறிப் போய் அக்காவிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டுவிட்டு, எங்க மண்ணுல கெட்டதுதான் வெளையும்னு நெனச்சிருந்தேன் என்று சிரித்தார். எனக்கு அது பரிசு வாங்கின மாதிரி இருந்தது. என் கிருமி, என் கிருமி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பினேன். பின்னால் நான் வாயை மூடிக்கொண்டதற்கு வேலை போய்விடும் என்ற பயத்தைவிட இந்த 'என்'தான் காரணம்.

டைரக்டர் உடனே தலைமை ஆபீசுக்கு எழுதினார். கோடை நடவுக்குள் பத்துப் பதினைந்து குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். நான் குடுவையில் வளர்த்ததைப் பால் கேன்களில் வளர்க்கச் சொன்னார். கேனில் கிருமி வளர்ந்த திரவத்தில் ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் பரப்பினேன். தட்டு முழுக்கச் சிவப்பு. நடுவில் மூன்று வெள்ளை.

மூன்றையும் தனித்தனியாக எடுத்தேன். தக்காளி நாற்றில் குத்தினேன். பத்தாம் நாள் நாற்று தலை சாய்ந்தது. வெளியிலிருந்து வந்து கலந்த கிருமியாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படியானால் அவை வட்டம் விழ வைக்காது. பொட்டு வைத்துப் பார்த்தேன். மூன்றுமே வட்டம் விழ வைத்தன. சிவப்பு விழ வைத்த அதே அளவு வட்டம், அதே கிருமிகளின் மேல். மலையில் வேறு எதற்கும் இல்லாத குணம் அது. ஆக இவை வெளியாள் இல்லை. அந்தச் சிவப்பின் வம்சம். இழந்தது திரும்பி வந்திருந்தது. அதைவிட மோசம் ஒன்று. வாட வைக்கவும் செய்யும், தனக்குப் போட்டியாக இருக்கிற சொந்தக்காரர்களைக் கொல்லவும் செய்யும். இதைக் கிழங்கில் தடவி நட்டால், வாடலை நாமே கையில் ஆயுதம் கொடுத்து வயலுக்கு அனுப்பின மாதிரி.

டைரக்டரிடம் தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் எழுந்துகூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்தபடியே தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது கன்டாமினேஷன். நீங்க முதல்லயே ப்யூரா எடுக்கல. அந்தச் சிவப்போட தாய்க்கும் இதே குணம் இருக்கும்ல? உங்க கை சுத்தமில்ல, அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் கொடுமை. மாறுவதற்கு முந்தின வெள்ளைத் தாய்க் கிருமி ஒன்றிரண்டு சிவப்போடு ஒட்டிக்கொண்டே வந்திருந்தாலும் இதே விடைதான் வரும். அதனால் மறுபடி தொடங்கினேன். ஒரே ஒரு சிவப்புப் புள்ளியை எடுத்துப் பரப்பி, அதில் ஒன்றை எடுத்துப் பரப்பி, அதில் ஒன்றை எடுத்துப் பரப்பி, மூன்று தலைமுறை சுத்தம் செய்தேன். பாதியைக் குடுவையில் வைத்தேன். பாதியைக் குக்கரில் அவித்த மண்ணில் விட்டு, தக்காளி நாற்று நட்டேன். மூன்று வாரம் கழித்துக் குடுவையில் இருந்தவை எல்லாம் சிவப்பு. நாற்றின் வேரடி மண்ணில் வெள்ளை. இரண்டு நாற்று வாடியும் இருந்தன. கிருமி விடாத மண்ணில் நட்டவை நிமிர்ந்து நின்றன. வேரின் பக்கத்தில் இருந்தால்தான் அது மறுபடி எழுகிறது என்று எழுதினேன். நாங்கள் அதை அனுப்பப்போவதும் வேருக்குத்தானே.

நாலு பக்கம். மேசையில் வைத்தேன். கேன்கள் ஏற்கெனவே ஜீப்பில் ஏறிவிட்டன என்றார். இனிமேல் தட்டில் வெள்ளை வந்தால் எண்ண வேண்டாம், சிவப்பை மட்டும் எழுதினால் போதும் என்றும் சொன்னார். குரலை உயர்த்தாமல், டீ ஆறிப்போனதைச் சொல்கிற மாதிரி சொன்னார். அந்த நாலு பக்கத்தையும் அவர் திருப்பவே இல்லை. நான் பின் குத்தின மடிப்பு கலையாமல் மறுவாரமும் அங்கேயே கிடந்தது.

என் கை சுத்தமில்லை என்ற வார்த்தையை நான் இருபது வருடத்துக்கும் மேல் சுமந்தேன். பிறகுதான் படித்தேன், இந்தக் கிருமியில் ஒரு மரபணுவில் சில எழுத்துகள் கூடிப்போய் அது முடங்குவதும், செடியின் பக்கத்தில் அந்தக் கூடுதல் எழுத்துகள் கழன்று மறுபடி பழையபடி ஆவதும் உண்டு என்று. வாட வைக்கும் பல மரபணுக்களுக்கு அந்த ஒன்று சாவி மாதிரி. சாவி தொலையவில்லை, பூட்டில் கொஞ்சம் தூசி அடைத்திருந்தது, அவ்வளவுதான். படித்த அன்று எனக்கு நிம்மதி வரவில்லை. அந்த மனிதரின் முகம்தான் வந்தது. ஆனாலும் சத்தியமாகச் சொல்ல வேண்டுமானால், அன்று என் தட்டில் நடந்தது எது என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரியாது என்பதே அந்தக் கேன்களை நிறுத்தப் போதுமான காரணம்.

நடவு நாளில் ஜீப்பில் நானும் போனேன். அக்கா, அவர் புருஷன், பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோரும் விதைக்கிழங்கைக் கூடைகளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். டைரக்டர் கேனைத் திறந்து அண்டாவில் ஊற்றச் சொல்லி, எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும் என்று விளக்கினார். மற்றவர்கள் நனைக்க ஆரம்பித்தார்கள். அக்கா கூடையைக் கீழே வைக்கவில்லை. டைரக்டரைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"நனைக்கட்டுமா மிஸ்?"

டைரக்டரும் என்னைப் பார்த்தார். பல வருடம் இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் தயாரித்திருக்கிறேன். வேண்டாம் அக்கா. ஒரு படிக்கட்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எதுவும் பெரிய பேச்சு இல்லை. அன்று நான் தலையை ஆட்டினேன். ம் என்று ஒரு சத்தம் வந்தது. அக்கா கூடையை அண்டாவில் கவிழ்த்தார்.

பூப்பூக்கிற சமயத்தில் ஆள் வந்து சொல்லி, போனேன். மத்தியானம். பனி இல்லாத, நல்ல வெயில். நாலு படிக்கட்டும் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. நான் முதலில் வந்த போகத்தில் ஓரத்தில் ஏழெட்டுச் செடி, இப்போது எல்லாமே. பக்கத்து நிலங்களிலும் அப்படித்தான். நனைக்காமல் நட்ட ஒருவருடைய பாத்தி மட்டும் பச்சையாக நிமிர்ந்திருந்தது. அக்கா நான் கேட்காமலே ஒரு தண்டை வெட்டித் தம்ளரில் வைத்தார். வெள்ளை நூல் இறங்கியது. தண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்து தட்டில் பரப்பினேன். முழுக்க வெள்ளை. பொட்டு வைத்தேன். எல்லாம் வட்டம் விழ வைத்தன.

அதற்குப் பிறகுதான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். வெள்ளனே முதல் பஸ்ஸில் போனேன். அவர் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வெள்ளைப் புள்ளி, தக்காளி நாற்று, நாலு பக்கம், ஜீப். அவர் விளக்குவதை நிறுத்தவில்லை. முடித்து, கையைக் கழுவி, துடைத்து, பிறகு பேசினார்.

"அந்த நாட்டுல கொழுந்துக்குத் தொரை மருந்து அடிக்கச் சொன்னா அடிப்போம். ஏன்னு கேக்க ஏலாது. இங்க வந்தாவது கேட்டுச் செய்வோம்னு இருந்தேன். கேட்டேன்ல மிஸ்? ஒங்களப் பாத்துத்தானே கேட்டேன்?"

அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவரும் இன்னும் ஆறேழு பேரும் சாக்குகளோடு ஆய்வகத்துக்கு வந்தார்கள். அக்கா நேராக உள்ளே வந்து டைரக்டரின் மேசை மேல் சாக்கைக் கவிழ்த்தார். அழுகின கிழங்கின் நாற்றம் ஹீட்டர் சூட்டில் அறை முழுக்க எழுந்தது. டைரக்டர் எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார். சொன்ன நேரத்துக்கு நனைக்காததால் வந்தது, நிலத்தில் முன்பே நோய் இருந்தது, எச்சரித்தும் கேட்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வந்தவர்களில் ஒருவர், அப்படியும் இருக்குமோ என்று தலையைச் சொறிந்தார். அந்தத் தலைச்சொறிதலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மனிதர்கள் தங்கள் மேல் பழி வந்தால் எவ்வளவு வெரசாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர்கள் முன்னால் விரித்தேன். கேன் ஏறுவதற்கு முந்தின வாரத்துப் பக்கம். சிவப்பு இத்தனை, வெள்ளை இத்தனை என்று எழுதியிருந்ததைப் படித்தேன். இவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நீங்கள் செய்தது எதுவும் தப்பில்லை என்றேன். டைரக்டர் என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினார். அக்காவின் புருஷன், அதுவரை வாயே திறக்காதவர், நடுவில் போய் நின்றார். அடிதடி ஒன்றும் நடக்கவில்லை. நோட்டு டைரக்டரிடம்தான் போனது. கம்பெனியின் சொத்து என்றார். அன்று சாயங்காலத்தோடு என் வேலையும் போனது.

தாசில்தார் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தோம். நான்தான் எழுதினேன். ஆய்வுக்குத் தாங்களாகவே முன்வந்தவர்கள் என்று கம்பெனி ஒரு காகிதத்தைக் காட்டியது. நடவு நாளில் வாங்கின கைநாட்டும் கையெழுத்தும் அதில் இருந்தன. அந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினவள் நான். எதற்கு என்று படிக்காமல், ஜீப்பின் பானெட் மேல் வைத்து வாங்கினேன். மனு அதோடு படுத்துவிட்டது. ஆய்வகம் அடுத்த வருடம் மூடப்பட்டது. டைரக்டரைக் கீழே பெரிய பதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நிலத்தின் சொந்தக்காரர் குத்தகையை நீட்டிக்கவில்லை. கிழங்கு போட முடியாத மண்ணை வைத்துக்கொண்டு அக்காவுக்கும் என்ன செய்ய முடியும். அவர்கள் மலையை விட்டுக் கீழ்ச்சரிவுக்கு, பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்துக் கூலிக்குப் போனார்கள். தோட்டத்தில் தொடங்கின வாழ்க்கை மறுபடி தோட்டத்துக்கே போனது.

நான் பள்ளிக்கூட டீச்சரானேன். எண்பதுகள் முடிகிற சமயத்தில் ஒரு முறை பண்ணைக்காட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரைப் பார்த்தேன். மிளகு பறிக்கிற காலம். கூட நாலு பெண்கள் இருந்தார்கள். என்னை அடையாளம் கண்டு அவரே வந்தார். முடி நரைத்திருந்தது. என் அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். தன் மகளைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்ததைச் சொன்னார். வில்பட்டி நிலத்தில் இப்போது பீன்ஸ் போடுகிறார்களாம், நன்றாக வருகிறதாம் என்றார். அந்தப் பேச்சு வந்ததும் நான் வாயைத் திறந்தேன். எதற்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அதெல்லாம் வேணாம் மிஸ்," என்றார். "ஏறுங்க, ஒங்க பஸ் வந்துருச்சு. எங்களுக்குச் சோலி கெடக்கு."

சொல்லிவிட்டு, கூட வந்த பெண்களோடு ரோட்டைத் தாண்டித் தோட்டத்துப் பாதையில் இறங்கிப் போய்விட்டார்.